பழைய டீசல் வான் ஹீட் ஆனால்: எப்போது ஏறுகிறது என்று பார்த்துப் பிழை பிடிப்பது

என்னிடம் இருப்பது முன்சீட்டுக்கு அடியில் எஞ்சின் வைத்த, 1990களின் ஜப்பான் டீசல் வான். காலையும் மத்தியானமும் திருகோணமலை உவர்மலைப் பக்கம் ஸ்கூல் ஹயர். லீவு நாட்களில் கண்டி, கட்டுநாயக்க என்று தூர ஓட்டம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது திருகோணமலையில் ஓடிக்கொண்டிருந்த பழசெல்லாம் பொன்னாகிவிட்டது. 2025இல் திறந்துவிட்ட பிறகும் புதிதின் விலையைக் கேட்டால் நமக்குத்தான் ஹீட் ஏறும். ஆகவே இந்த வானோடுதான் காலம்.

இதில் மூன்று தடவை றேடியேற்றர் கழற்றியிருக்கிறேன், ஒரு தடவை ஹெட் (எஞ்சின் சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்). றேடியேற்றர் கழற்றிய மூன்றில் இரண்டு வீண் வேலை. ஒரு தடவை பிழை இருந்தது றேடியேற்றர் மூடியில், இன்னொரு தடவை பெல்ற்றில். கடைசியில் கிண்ணியாவில் ஒரு வயதான மெக்கானிக் நானாவிடம் கொண்டுபோனேன். அவர் சீட்டைத் தூக்கக்கூட இல்லை. "தம்பி, நிக்கக்குள்ள ஏறுதா, ஓடக்குள்ள ஏறுதா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. "அதப் பாத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். காசும் வாங்கவில்லை.

கீழே உள்ள தலைப்புகள் எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவை. உங்கள் வான் எந்தத் தலைப்பில் நிற்கிறதோ அங்கே போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாத சோதனை முதலில், பெரிய செலவு கடைசியில்.

சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது, இப்போது றோட்டில் நிற்கிறேன்

ஏசியை நிறுத்துங்கள். ஹீற்றர் வேலை செய்தால் முன்னும் பின்னும் முழுதாகப் போட்டு, கண்ணாடிகளை இறக்குங்கள். கச்சான் காற்றடிக்கும் ஆனி மாதத்தில் ஹீற்றர் போடச் சொல்பவனை வானில் இருப்பவர்கள் திட்டுவார்கள், பரவாயில்லை. எஞ்சின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே இழுக்கும்.

ஓரமாக நிறுத்தியபின் பாருங்கள். ஆவி வருகிறதா, சீட்டுக்கு அடியில் சீறும் சத்தம் கேட்கிறதா, சார்ஜ் லைற் எரிகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். சார்ஜ் லைற் எரிந்து முள்ளும் ஏறினால் அநேகமாக பெல்ற் போய்விட்டது. பல பழைய டீசல்களில் பற்றறியைச் சார்ஜ் பண்ணும் ஒல்டனேற்றரையும் தண்ணீரைச் சுற்றவைக்கும் வோட்டர் பம்பையும் ஒரே பெல்ற்தான் சுற்றுகிறது. இவை ஒன்றும் இல்லாமல் முள் மட்டும் கொஞ்சம் கூட நின்றால், நிறுத்தாமல் இரண்டு நிமிடம் அக்சிலேற்றரை மெல்ல மிதித்து வைத்திருங்கள். இறங்கினால் நல்லது. இறங்காவிட்டால் நிறுத்துங்கள்.

றேடியேற்றர் மூடியைத் திறக்காதீர்கள். முக்கால் மணித்தியாலமாவது போகவேண்டும். மேல் ஹோஸைத் துணியால் பிடித்து அமத்திப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் உள்ளே அமுக்கம் இன்னும் இருக்கிறது. நம்முடைய வான்களில் மூடி இருக்கும் இடம் முகத்துக்குக் கிட்ட வரும் இடம், மறக்கவேண்டாம். ஆறியபின் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, சும்மா ஓடவிட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கொதிக்கும் எஞ்சினில் குளிர் தண்ணீர் விழுந்தால் அலுமினிய ஹெட் வெடிக்கும். குடிக்கக் கொண்டுபோன தண்ணீர் ஒரு அவசரத்துக்குச் சரி. கடல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். சிரிக்காதீர்கள், நிலாவெளியில் ஊற்றியவரை எனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும்: ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் பொழுது சாயும் நேரத்தில் முள் ஏறத் தொடங்கினால், சிவப்புக்கு வரும்வரை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அது யானை கடக்கும் றோட்டு. கடை, வீடு, வெளிச்சம் கண்ட முதல் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அந்தக் காட்டுக்குள் முக்கால் மணித்தியாலம் எஞ்சின் ஆறக் காத்திருக்கும் யோசனை நல்ல யோசனை இல்லை.

எந்த அறிகுறி என்றாலும் முதலில் மூன்று காலை

வான் இராத்திரி முழுக்க ஆறியபின், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன், இரண்டு இடம் பார்க்கவேண்டும். ரிசேர்வ் போத்தல் ஒன்று, றேடியேற்றர் வாய் இன்னொன்று. போத்தலில் தண்ணீர் மட்டத்துக்கு நேராக ஒரு ரேப் துண்டு ஒட்டிவிடுங்கள். மூன்று நாள் தொடர்ந்து பாருங்கள்.

இரண்டிலும் மட்டம் அப்படியே இருந்தால் பிழை தண்ணீர் ஓட்டத்திலோ காற்றிலோ. அடுத்த இரண்டு தலைப்புக்குப் போங்கள். இரண்டிலும் குறைந்தால் "தண்ணீர் குறைகிறது" என்ற தலைப்பு. போத்தலில் நிறைய, வாயில் குறைய என்றால் மூடி பழுது. நான் ஒரு றேடியேற்றரை வீணாகக் கழற்றியது இந்த இடத்தில்தான். சூட்டில் விரிந்த தண்ணீர் போத்தலுக்குப் போகும், ஆறும்போது மூடியில் உள்ள சின்ன வால்வு திறந்து அதைத் திருப்பி இழுக்கவேண்டும். வால்வு பிடித்துவிட்டால் திரும்பி வராது. நாங்கள் போத்தலை மட்டும் பார்த்துவிட்டு "தண்ணி நிறைய இருக்கு" என்று ஓடுவோம். காலையில் மேல் ஹோஸ் சப்பையாக உறிஞ்சிக் கிடந்தாலும் அதே வால்வுதான்.

மூடியின் மேலே 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும், அது மூடி பிடித்துவைக்கும் அமுக்கம். உங்கள் வானுக்கு எதுவோ அதையே வாங்குங்கள். 0.9 மூடி ஒழுங்காகப் பிடித்தால் வெறும் தண்ணீர்கூட 118 பாகை வரை கொதிக்காது. றப்பர் வெடித்த மூடி போட்டால் 100இலேயே கொதித்து வெளியே தள்ளும். ஒரு சாப்பாட்டு விலையில் தீரும் வேலைக்கு றேடியேற்றர் கழற்றிய ஆள் நான்.

நிற்கும்போது ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது

பிள்ளைகளை ஏற்ற ஸ்கூல் வாசலில் நிற்கும்போது, வெள்ளிக்கிழமை கோணேசர் கோவிலுக்குக் கோட்டைக்குள்ளால் ஊர்ந்து ஏறும்போது முள் மேலே போகும். நிலாவெளி றோட்டில் ஐம்பதில் விட்டவுடன் தானாக இறங்கும். இது காற்றுக் குறைவு. ஓடும்போது வரும் காற்று வேலையைச் செய்கிறது, நிற்கும்போது ஃபேன் செய்யவில்லை.

முதலில் பெல்ற். எஞ்சினை நிறுத்தி, இரண்டு கப்பிக்கு நடுவில் பெருவிரலால் பலமாக அமத்துங்கள். ஒரு சென்ரிமீற்றர் அளவு உள்ளே போகலாம். அதற்கு மேல் தொங்கினால் இறுக்குங்கள். பக்கவாட்டுப் பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தால் இறுக்கிப் பயனில்லை, வழுக்கிக்கொண்டேதான் இருக்கும். மாற்றுங்கள். மார்கழி மழையில் காலையில் கீச்சென்று கத்தும் பெல்ற், வைகாசியில் உங்களை றோட்டில் நிறுத்தும் பெல்ற்.

அடுத்தது ஃபேன் கிளச், ஃபேனை எஞ்சினோடு பிணைக்கும் சாமான். எஞ்சின் ஆறி, சாவி கையில் இருக்கும்போது ஃபேனைக் கையால் சுழற்றிவிடுங்கள். கொஞ்சம் பிடித்துப்பிடித்து நிற்கவேண்டும். காற்றாடி மாதிரி பல சுற்றுச் சுற்றினால் உள்ளே இருக்கும் சிலிக்கன் எண்ணெய் ஒழுகிவிட்டது. கிளச்சின் முன்முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஒட்டியிருந்தால் அதுவே சாட்சி. சூடான எஞ்சினில் ஓடும் ஃபேனுக்குள் பேப்பர் சுருட்டி விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள்.

ஏசி போட்டால் மட்டும் ஏறுகிறது என்றால், றேடியேற்றருக்கு முன்னால் நிற்கும் ஏசி கண்டென்சருக்கு (ஏசியின் சூட்டை வெளியே விடும் தட்டு) முன்னால் உள்ள மின்சார ஃபேன். ஏசியைப் போட்டுவிட்டு ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள், சுற்றுகிறதா? இல்லையென்றால் ஃபியூஸ், பிறகு றிலே, பிறகு மோட்டர். ஃபியூஸை மாற்றியும் உடனே போனால் அங்கே நிறுத்தி வயரிங் ஆளிடம் கொடுங்கள். பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளித்தால் வயர் எரியும்.

கண்டென்சருக்கும் றேடியேற்றருக்கும் நடுவிலுள்ள இடைவெளியையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் துப்புரவாகத் தெரியும். உள்ளே கந்தளாய் வயல்பக்கம் இரவில் அடித்த பூச்சி, சருகு, ஒரு ஷொப்பிங் பேக். கழுவும்போது எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, சாதாரண ஹோஸ் தண்ணீரால் கழுவுங்கள். சேர்விஸ் ஸ்டேஷன் பிரஷர் கன்னைக் கிட்டக் கொண்டுவந்தால் தகடுகள் மடங்கிவிடும், பிறகு காற்றே போகாது. கடலோரத்தில் ஓடும் வண்டிகளில் இந்தத் தகடுகள் உப்புக் காற்றுப் பட்டு மாவாக உதிர்வதும் உண்டு. விரலால் தடவினால் கொட்டுகிறதென்றால் கழுவி என்ன செய்ய, கோர் (குழாயும் தகடும் உள்ள நடுப்பாகம்) மாற்றும் வேலை. அது றேடியேற்றர் கடைக்கு.

ஓடும்போது ஏறுகிறது, ஏற்றத்தில் இன்னும் ஏறுகிறது

டவுனுக்குள் ஒன்றுமில்லை. தம்புள்ளை தாண்டி நாவுலைக்குப் பிறகு மாத்தளை ஏற்றத்தில் முள் எழும்புகிறது. அல்லது பன்னிரண்டு பேரோடு எண்பதில் போகும்போது. இங்கே காற்றுக்குக் குறைவில்லை. தண்ணீர் போதிய வேகத்தில் சுற்றவில்லை, அல்லது சுற்றியும் றேடியேற்றரில் சூட்டை விடவில்லை.

தண்ணீர் மட்டத்தைப் பார்த்தாயிற்று, மூடி சரி என்று வைத்துக்கொள்வோம். கீழ் ஹோஸைப் பாருங்கள். ஒருவரை ஏறி அக்சிலேற்றரை மிதிக்கச் சொல்லிவிட்டு, ஃபேனுக்கு எட்டத்தில் நின்று பாருங்கள். மிதிக்கும்போது ஹோஸ் சப்பையாகிறதா? பம்ப் தண்ணீரை இழுப்பது அந்தக் குழாயால்தான். உள்ளே இருந்த கம்பிச் சுருள் துருப்பிடித்துப்போயிருந்தால், அல்லது றப்பர் இளகியிருந்தால், வேகம் கூடும்போது வாயை மூடிக்கொள்ளும். மெதுவாக ஓடும்போது ஒன்றும் தெரியாது.

அடுத்தது தேர்மோஸ்டற், எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை றேடியேற்றருக்கு விடாமல் மறிக்கும் வால்வு. இதில் கொஞ்சம் நிற்கவேண்டும். ஏனென்றால் நம்மூரில் இதைப்போல் அநியாயமாகக் குப்பைக்குப் போன சாமான் வேறில்லை. "இது குளிர் நாட்டுக்காரனுக்குத் தம்பி, எங்களுக்கு ஏன்" என்று சொல்லிக் கழற்றி எறிந்துவிடுவார்கள். என்னுடைய வானிலும் நான் வாங்கும்போது இருக்கவில்லை. பல ஜப்பான் எஞ்சின்களில் தேர்மோஸ்டற்றின் அடியில் ஒரு தட்டு இருக்கும். எஞ்சின் சூடானதும் அந்தத் தட்டு பைபாஸ் வழியை அடைத்து, தண்ணீரை முழுவதும் றேடியேற்றருக்கு அனுப்பும். தேர்மோஸ்டற்றைக் கழற்றினால் பைபாஸ் திறந்தே கிடக்கும். ஒரு பங்கு தண்ணீர் றேடியேற்றரைக் காணாமலே எஞ்சினுக்குள் சுற்றிவரும். ஆகவே டவுனில் குளிராக ஓடும், மாத்தளையில் கொதிக்கும். சூட்டைக் குறைக்கக் கழற்றியது சூட்டைக் கூட்டும் கதை இதுதான்.

சோதனைக்கு ஒரு சட்டியும் ஒரு நூலும் போதும். தேர்மோஸ்டற்றை நூலில் கட்டி, சட்டியின் அடியில் முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். அதன்மேல் 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டுக்குக் கிட்டத் திறக்கத் தொடங்கவேண்டும். தண்ணீர் கொதிக்கும்போது நன்றாக, 8 மில்லிமீற்றர் அளவு, திறந்திருக்கவேண்டும். எடுத்து ஆறவிட்டால் முழுதாக மூடவேண்டும். அரைகுறையாகத் திறந்தால் மாற்றுங்கள். வீட்டில் சமைக்கும் சட்டியை எடுக்கவேண்டாம். எடுத்தால் பிறகு நடப்பதற்கு நான் பொறுப்பில்லை.

அதுவும் சரி என்றால் றேடியேற்றர் உள்ளே அடைத்திருக்கிறது. மூடியைத் திறந்து டோர்ச் அடித்தால் குழாய் வாய்களில் செம்மண் மாதிரித் துரு, அல்லது வெள்ளைச் சுண்ணாம்பு தெரியும். கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஊற்றி வந்தது. உப்புவெளி என்ற ஊர்ப் பெயரைப் பார்த்தாவது அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றாமல் விடலாம். சூடாக ஓட்டி வந்து, எஞ்சினை நிறுத்தி, மின்சார ஃபேனின் பிளக்கைக் கழற்றிவிட்டு, றேடியேற்றர் முகத்தில் அங்கங்கே கை வைத்துப் பாருங்கள். சூடு மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாகக் குறையவேண்டும். நடுவில் திட்டுத்திட்டாகக் குளிர்ந்திருந்தால் அந்தக் குழாய்கள் செத்துவிட்டன. 2022இல் டீசல் இல்லாமல் வாரக்கணக்கில் நிறுத்தி வைத்த வான்கள் பலவற்றில் இந்தக் கோளாறு பிறகுதான் தலைகாட்டியது. என்னுடையதிலும். அசையாத தண்ணீரில் துரு அடியில் படிந்துவிட்டது.

செம்பு றேடியேற்றர் என்றால் கடையில் மேல் தொட்டியைக் கழற்றிக் கம்பி விட்டுக் குத்தித் துப்புரவாக்குவார்கள். பிளாஸ்ரிக் தொட்டி, அலுமினியக் கோர் என்றால் அநேகமாக மாற்றுவதுதான். இது வீட்டு வேலை இல்லை.

வோட்டர் பம்பை நான் கடைசிக்கு முதல் வைப்பேன். வெறும் தண்ணீரில் வருடக்கணக்காக ஓடிய பம்பின் உள்விசிறி துருத் தின்று மொட்டையாகியிருக்கும். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது, சத்தமும் இராது. கழற்றாமல் தெரியாது. இந்த இடத்தில் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். சில எஞ்சின்களில் பம்புக்குப் போக ரைமிங் பெல்ற் பக்கம் கைவைக்கவேண்டி வரும். அது பிசகினால் வால்வுகள் வளையும்.

தண்ணீருக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு காரணமும் உண்டு. ஒரு பிரேக் பிடித்தபடி ஓடுவது ஒன்று: ஓட்டம் முடிந்து நான்கு சில்லுக்கும் கிட்டக் கை கொண்டுபோனால் ஒன்று மட்டும் அனல் அடிக்கும். கறுப்புப் புகை தள்ளும் டீசல் பம்ப் மற்றது. அதை டீசல் பம்ப் வேலைக்காரர்தான் பார்க்கவேண்டும்.

தண்ணீர் குறைகிறது, கீழே சொட்டும் இருக்கிறது

இது நல்ல செய்தி. இடத்தைப் பிடித்தால் போதும். இரவில் வானுக்குக் கீழே கார்ட்போட் விரித்து, முன் சில்லு எங்கே நின்றது என்று அதில் கோடு போட்டுவையுங்கள். காலையில் ஈரம் எங்கே என்று பாருங்கள். ஏசி தண்ணீரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது நிறமும் மணமும் இல்லாதது.

முன்னால் என்றால் றேடியேற்றர், ஹோஸ் கிளிப். கிளிப்பை ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள். ஹோஸ் நுனி வெடித்திருந்து, நீளமும் மிச்சம் இருந்தால் வெட்டிவிட்டுத் திரும்பப் போடலாம். நடுவில், பெல்ற் கப்பிக்கு அடியில் என்றால் வோட்டர் பம்ப். பம்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதிலிருந்து கறை வழிந்திருந்தால் உள்சீல் போய்விட்டது. கப்பியை மேலும் கீழும் ஆட்டினால் ஆடுகிறதா? ஆடினால் இன்று நாளை என்று தள்ளாதீர்கள். பெயரிங் உடைந்தால் ஃபேன் றேடியேற்றருக்குள் போகும்.

வானின் நடுப்பாகத்தில், ஆட்கள் இருக்கும் இடத்துக்கு அடியில் ஈரம் என்றால் பலருக்குத் தலை சுற்றும். அங்கே எஞ்சினும் இல்லை, றேடியேற்றரும் இல்லை. பின் ஹீற்றருக்குப் போகும் இரும்புக் குழாய்கள் அவை. கடல் உப்பும் மழைச் சேறும் சேர்ந்து தின்றுவிடும். நம்மூரில் பின் ஹீற்றர் யாருக்கு வேண்டும்? எஞ்சின் பக்கத்திலேயே இரண்டு வாயையும் ஒரு ஹோஸால் இணைத்து அந்தப் பாதையை மூடிவிட்டேன். இந்த வானுக்கு நான் செய்த வேலைகளில் எனக்கு மிகப் பிடித்தது இது. முன் ஹீற்றரை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன், ஏன் என்று மேலேயே சொல்லியாயிற்று.

எஞ்சின் புளொக்கின் பக்கவாட்டில் துருவோடு ஈரம் என்றால் கோர் பிளக், புளொக்கின் ஓட்டையை அடைக்கும் மூடி. தகர மூடி அளவு சாமான், ஆனால் பின்பக்கத்தில் உள்ளதை மாற்ற கியர்பொக்ஸ் இறக்கவேண்டி வரும். ஆளிடம் கொடுங்கள்.

மஞ்சள்தூள் போடுவது, முட்டை வெள்ளை ஊற்றுவது, ஓட்டையில் சவுக்காரக் கட்டி தேய்ப்பது எல்லாம் ஒருகாலத்தில் லொறிக்காரர் வழியில் கிடந்து தவித்தபோது செய்தவை. மூதூர் றோட்டில் இருந்து வீடு வந்து சேர மஞ்சள்தூள் உதவலாம். வந்து சேர்ந்ததும் கழுவி எடுக்காவிட்டால், ஓட்டையை அடைத்த அதே மஞ்சள் நல்ல குழாயையும் அடைக்கும். கடையில் விற்கும் லீக் பவுடரும் எனக்கு அதே கணக்குத்தான்.

தண்ணீர் குறைகிறது, கீழே ஒன்றும் இல்லை

முதலில் காலுக்கடியில் உள்ள கார்ப்பெற்றைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக, பிசுபிசுப்பாக, இனிப்பு மணத்தோடு இருந்தால் முன் ஹீற்றர் கோர். ஹீற்றர் போட்டால் கண்ணாடியில் எண்ணெய் மாதிரிப் புகை படியும். அடுத்தது, ஓட்டம் முடிந்து வந்தவுடன் சூட்டிலேயே சீட்டைத் தூக்கிப் பாருங்கள். சின்ன ஓட்டையிலிருந்து வரும் தண்ணீர் சூடான எஞ்சினில் பட்டு ஆவியாகிவிடும், தரைக்கு வராது. காய்ந்த வெள்ளை அல்லது பச்சைக் கறைதான் தடயம். மெக்கானிக்கிடம் மூடிக்குப் பதில் மாட்டி அமுக்கம் கொடுக்கும் கைப்பம்ப் இருந்தால் பத்து நிமிட வேலை: அமுக்கத்தைக் கொடுத்துவிட்டு பம்பின் முள் விழுகிறதா என்று பார்ப்பார். வெளியே எங்கும் ஈரமில்லாமல் முள் விழுந்தால் தண்ணீர் எஞ்சினுக்குள் போகிறது. அடுத்த தலைப்பைப் படியுங்கள், மனதைத் திடப்படுத்திக்கொண்டு.

ஹோஸ் கல்லாக இறுகுகிறது, குமிழி வருகிறது, போத்தல் பொங்குகிறது

ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடத்துக்குள், எஞ்சின் சூடாகும் முன்னமே, மேல் ஹோஸ் இறுகிவிடுகிறதா? இரவு முழுக்க ஆறிய வானில் காலையில் மூடியைத் திறந்தால் இஸ்ஸென்று காற்று வருகிறதா? எஞ்சின் சிலிண்டருக்குள் எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் நுழைகிறது என்பதற்கு இவை பலமான அறிகுறி. ஹெட் காஸ்கட் (ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவிலுள்ள தகடு) போயிருக்கும், அல்லது ஹெட்டிலேயே வெடிப்பு.

ஆனால் "ஹெட் போயிட்டு" என்று ஒருவர் சொன்னவுடன் நம்பவேண்டாம். மூன்று சோதனை இருக்கிறது.

ஒன்று, ஆறிய எஞ்சினில் வாய்வரை நிரப்பி, மூடி போடாமல் ஸ்டார்ட் பண்ணுங்கள். முதல் ஒரு நிமிடம் சிக்கிய காற்று வந்து நின்றுவிடும். அது நிற்காமல், அக்சிலேற்றர் மிதிக்க மிதிக்கக் குமிழி கூடினால் நல்ல அறிகுறி இல்லை. தண்ணீர் சூடேறும் முன் நிறுத்திவிடுங்கள்.

இரண்டு, மூடியைப் போட்டு, போத்தலுக்குப் போகும் சின்னக் குழாயின் நுனியை ஒரு தண்ணீர்ப் போத்தலுக்குள் முக்கி வைத்து ஓடவிடுங்கள். நிதானமான ஓட்டத்தில் இடைவிடாது குமிழி வந்தால் அதே கதை.

மூன்று, எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறமும் எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்ரிக்கும். பால் தேத்தண்ணி நிறத்தில் களி ஒட்டியிருந்தால் எண்ணெயோடு தண்ணீர் கலந்துவிட்டது. அந்த நிமிடத்திலிருந்து ஸ்டார்ட் பண்ணாதீர்கள், கட்டி இழுத்துப் போங்கள். ஓட்டிப் போனால் கிராங்கும் பெயரிங்கும் சேர்ந்து போகும். எண்ணெய் துப்புரவாக இருப்பதால் காஸ்கட் நல்லது என்று அர்த்தமில்லை. என்னுடையதில் எண்ணெய் கடைசிவரை துப்புரவாகவே இருந்தது.

சில கராஜில் நீல மருந்து ஊற்றிய கண்ணாடிக் குழாய் வைத்திருப்பார்கள். றேடியேற்றர் வாயில் வைத்து உள்ளே உள்ள காற்றை அதற்குள்ளால் இழுப்பார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மாறிவிடும். ஹெட் கழற்றுவதற்கு முன் அந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

இதற்குப் பிறகு எல்லாம் மெக்கானிக் வேலை. நீங்கள் கவனிக்க இரண்டே விஷயம். கழற்றிய ஹெட்டை லேத்துக்கு அனுப்பி மட்டம் பார்க்கவேண்டும், அமுக்கம் கொடுத்து வெடிப்பும் பார்க்கவேண்டும். ஒருதரம் நன்றாகக் கொதித்த அலுமினிய ஹெட் வளைந்திருக்கும், இந்த வகை டீசல்களில் வால்வுகளுக்கு நடுவில் மயிரிழை வெடிப்பும் வரும். என் ஹெட்டைப் பார்க்காமலே காஸ்கட்டை மட்டும் மாற்றித் தந்தார்கள். ஆறு கிழமையில் அதே குமிழி. மற்றது, ஹெட் போனதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். முதலில் சூடாக்கியது றேடியேற்றரா, பம்பா, பெல்ற்றா? அதைத் திருத்தாமல் புது ஹெட் போட்டால் புது ஹெட்டும் போகும்.

முள் ஏறவே இல்லை, அல்லது ஆடுகிறது

அடியிலேயே கிடந்தால் தேர்மோஸ்டற் இல்லை, அல்லது திறந்தபடி பிடித்துவிட்டது. டீசல் கூடக் குடிக்கும். ஹெட்லைற் போட்டால் முள் ஆடுகிறதென்றால் ஏர்த் வயர், சென்சர் பிளக். சுரண்டித் துப்புரவாக்கி மாட்டுங்கள்.

பயப்படவேண்டியது வேறொன்று: ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று கீழே விழுவது. சென்சர் தண்ணீருக்குள் நின்றால்தான் சூட்டைச் சரியாகச் சொல்லும். தண்ணீர் முழுக்கப் போய்விட்டால் அது சும்மா இருக்கும், முள்ளும் "ஒன்றுமில்லை" என்று காட்டும். என் மச்சான் ஐஸ் மீன் ஏற்றும் சின்ன லொறியில் அப்படித்தான் "இறங்கிட்டு" என்று சந்தோஷப்பட்டு தம்பலகாமம் சந்திவரை ஓட்டினான். அதற்குப் பிறகு அந்த எஞ்சின் ஓடவில்லை.

எல்லாம் திருத்தி வந்தது, திரும்பவும் ஏறுகிறது

உள்ளே காற்றுச் சிக்கியிருக்கிறது. எஞ்சின் நடுவில், றேடியேற்றர் முன்னால், குழாய்கள் நீளம், இந்த வான்களில் காற்று எளிதில் வெளியேறாது. வேலை சரியாகச் செய்த மெக்கானிக்கையும் இந்தக் காற்று கெட்ட பெயர் எடுக்கவைக்கும்.

நான் உவர்மலை ஏற்றத்தில் வானின் முகம் மேலே பார்க்க நிறுத்தி, பின் சில்லுக்குக் கல் வைத்து இதைச் செய்வேன். ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து, மூடி இல்லாமல் எஞ்சினை ஓடவிட்டு, மெதுவாக ஊற்றிக்கொண்டே மேல் ஹோஸைத் துணி சுற்றிப் பிடித்து அமத்தி அமத்தி விடுவேன். காற்று எடுக்கும் திருகாணி இருந்தால் தண்ணீர் குமிழியில்லாமல் வரும்வரை திறந்து வையுங்கள். தேர்மோஸ்டற் திறக்கும்போது வாயில் மட்டம் திடீரென்று விழும், கீழ் ஹோஸும் சூடாகும். அப்போது நிரப்பி மூடுங்கள். ஹீற்றரில் சூடான காற்று வரவேண்டும். குளிர்ந்த காற்று வந்தால் இன்னும் காற்று இருக்கிறது.

நிரப்புவது கூலன்ட்டாக இருக்கட்டும், தண்ணீர் உறையாமலும் துருப்பிடிக்காமலும் காக்கும் திரவம் அது. நமக்கு உறைபனி இல்லை, உண்மை. கூலன்ட் வேண்டியது துருவுக்கும் கொதிநிலைக்கும். கெட்டியாக வரும் வகை என்றால் பாதிக்குப் பாதி, பற்றறிக்கு ஊற்றும் சுத்தமான தண்ணீரோடு. கலந்தே வரும் வகை என்றால் அப்படியே. பச்சைக்கு மேல் சிவப்பை ஊற்றவேண்டாம், மாற்றுவதென்றால் முழுக்கக் கழுவிவிட்டு மாற்றுங்கள்.

அன்றைக்குத் தூர ஓட்டம் எடுக்காதீர்கள். நாலாம் கட்டை வரை போய்த் திரும்பி வந்து, ஆறவிட்டு, மறுநாள் காலை ரேப் துண்டோடு மட்டத்தைப் பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருக்கும், நிரப்புங்கள். மூன்றாம் காலையும் இறங்கியிருந்தால் கார்ட்போட்டைத் திரும்ப விரியுங்கள்.